ரோஸி உட்கார்ந்திருக்கிறாள்

போன மகளிர் தினத்துக்கு எங்கள் துறை மாணவிகள் டி-ஷர்ட் அடித்தார்கள். மஞ்சள் பின்னணி, தலையில் சிவப்புப் புள்ளிக் கைக்குட்டை, மடக்கிய கை, புடைத்த புஜம். நம்மால் முடியும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்தப் படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெண்ணியம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். வாங்கிப் போட்டுக்கொண்டேன், சுடிதாருக்கு மேலேயே. பிறகுதான் அந்தப் படத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும்.

1943இல் ஹோவர்ட் மில்லர் என்ற ஓவியர் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்காக வரைந்த சுவரொட்டி அது. போர்க்காலம். உற்பத்தி குறையக்கூடாது, யாரும் வேலைக்கு மட்டம் போடக்கூடாது, முதலாளியும் தொழிலாளியும் ஒரே அணி என்று தொழிலாளர்களுக்கு ஊக்கம் தருவதற்காக நிர்வாகம் தன் ஆலைச் சுவர்களில் ஒட்டியது. இரண்டு வாரம் ஒட்டியிருந்து எடுத்துவிட்டார்கள். வெளியுலகம் அன்று அதைப் பார்க்கவே இல்லை. 1980களில் யாரோ கண்டெடுத்து அதற்குப் பெண் விடுதலை என்ற பொருளை ஏற்றினார்கள். பொருள் ஏற்றுவதில் தவறில்லை, கவிதைக்கும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த 'நாம்' யார் என்று கேட்காமல் விட்டுவிட்டோம். அது நிர்வாகம் சொன்ன 'நாம்'.

அதே 1943இல் இன்னொரு ரோஸி வந்தாள். நார்மன் ராக்வெல் வரைந்து மே 29 தேதியிட்ட 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழின் அட்டையில் வெளியான ஓவியம். 'ரோஸி' என்ற பெயர் உண்மையில் இவளுக்குரியது. இவளுடைய சாப்பாட்டு டப்பாவிலேயே அது எழுதியிருக்கிறது. நீல நிற முழு உடுப்பு, நெற்றிக்கு மேல் தூக்கிவிட்ட கண்ணாடி, ஆண்பிள்ளைக் கைகள், மடியில் ஆணி அறையும் கனத்த கருவி. பையிலிருந்து ஒரு பூவேலைக் கைக்குட்டை எட்டிப் பார்க்கிறது. காலடியில் ஹிட்லரின் புத்தகம். கையில் பாதி தின்ற சாண்ட்விச். மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் தேவாலயக் கூரையில் வரைந்த ஏசாயா தீர்க்கதரிசியின் இருப்பைப் பார்த்து அவளை ராக்வெல் உட்காரவைத்தார் என்பார்கள். எனக்கு முக்கியம் அந்த இரண்டாவது சொல். உட்கார்ந்திருக்கிறாள். யாரையும் பார்க்கவில்லை, யாருக்கும் புஜம் காட்டவில்லை, வாயில் சோறு இருக்கிறது. வேலை நேரத்தில் தனக்கென்று கிடைத்த கொஞ்ச நேரத்தை நிதானமாக மென்றுகொண்டிருக்கிறாள்.

இந்த ஓவியத்துக்கு மாதிரியாக இருந்தவர் மேரி டாயல். வெர்மான்ட் மாநிலத்தில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த 19 வயதுப் பெண். இரண்டு அமர்வு, அமர்வுக்கு 5 டாலர், ஆக 10 டாலர். அந்த ஓவியம் 2002இல் ஏலத்தில் ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்குப் போனது. அப்புறம் இன்னொரு கை மாறி, இப்போது ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பென்டன்வில் என்ற சிற்றூரில் 'கிரிஸ்டல் பிரிட்ஜஸ்' கலைக்கூடத்தில் இருக்கிறது.

பென்டன்வில் வால்மார்ட்டின் தலைமையிடம். கலைக்கூடத்தை 2011இல் திறந்தவர் ஆலிஸ் வால்டன், வால்மார்ட்டை நிறுவிய சாம் வால்டனின் மகள். அண்மை ஆண்டுகளில் உலகின் மிகப் பணக்காரப் பெண் என்று போர்ப்ஸ் பட்டியல் இவரைத்தான் சொல்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, அந்தச் செலவை வால்மார்ட் ஏற்கிறது. ஆக, உலகின் மிகப் பணக்காரப் பெண்ணின் கூடத்தில், உலகிலேயே அதிகம் பேருக்குச் சம்பளம் போடும் தனியார் நிறுவனத்தின் செலவில், வேலைக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பெண் தொங்குகிறாள். இலவசமாகப் பார்க்கலாம்.

இந்தப் படத்தை வால்மார்ட்டின் இன்னொரு பிரதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பங்குதாரர் கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்க நிறுவனங்கள் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும். 2010இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டத்தின்படி, தலைமை நிர்வாகியின் ஆண்டு வருமானம் அங்கே வேலை செய்வோரில் நடுவில் நிற்பவரின் வருமானத்தைப்போல் எத்தனை மடங்கு என்று அதில் சொல்லியாக வேண்டும். 2018இலிருந்து இந்த விகிதம் வெளிவருகிறது. ஜனவரி 2024இல் முடிந்த நிதியாண்டுக்கு வால்மார்ட் சொன்ன கணக்கு: தலைமை நிர்வாகி டக் மெக்மில்லனுக்குச் சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலர். நடுத் தொழிலாளிக்கு 27,642 டாலர். 976க்கு 1.

976 மடங்கு என்றால் வகுப்பில் யாருக்கும் உறைக்கவில்லை. எண் பெரிதானால் மனம் மரத்துப்போகிறது. எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன்: முதலாம் இராஜாதிராஜ சோழன் ஆட்சியில், 1048இல், ஒருத்தி வேலைக்குச் சேர்ந்து, இதே சம்பளத்தில் சாகாமல் இளைக்காமல் 2024 வரை உழைத்தால் அவர் ஓராண்டில் வாங்கியதைத் தொடுவாள். அதற்குள் சோழர் போய், பாண்டியர் போய், நாயக்கர் போய், வெள்ளைக்காரனும் வந்து போய்விட்டான்.

சோழர் என்றதும் நினைவுக்கு வருவது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. இராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருத்தியின் பெயரையும் கல்லில் வெட்டினான். பெரும்பாலும் 'நக்கன்' என்று தொடங்கும் பெயர்கள், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களை ஆட்டுவிக்கும் நட்டுவனுக்கு இரண்டு பங்கு. நான் அந்தக் காலத்துக்கு ஆரத்தி எடுக்கவில்லை. அந்தப் பெண்களை யாரும் விருப்பம் கேட்டுக் கூட்டிவரவில்லை; நட்டுவனுக்கு இரண்டு என்பதிலேயே ஆண் கணக்குத் தெரிகிறது. மன்னனுக்கு எத்தனை பங்கு என்று எந்தக் கல்லும் சொல்லாது. என் கவனம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கல்லில் பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது. வால்மார்ட் அறிக்கையின் நடுத் தொழிலாளிக்குப் பெயர் இல்லை. ஆணா பெண்ணா, எந்த நாடு, என்ன வேலை, எதுவும் இல்லை. மேலே இருப்பவருக்கோ பக்கம் பக்கமாகப் பட்டியல். சம்பளம் இவ்வளவு, ஊக்கத்தொகை இவ்வளவு, நிறுவன விமானத்தைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்திய செலவு இவ்வளவு என்று அடிக்குறிப்போடு. அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி வருவதும் பங்காகத்தான். அதே தமிழ்ச் சொல், ஆனால் இந்தப் பங்கு நெல்லைப்போல் வருடம் வருடம் அதே நூறு கலமாக நிற்பதில்லை.

மொழி வாத்தியாருக்கு இன்னொன்றும் கண்ணில் படும். அந்த அறிக்கை மேலே இருப்பவரின் வருமானத்தைச் சம்பளம் என்று சொல்வதில்லை. அதற்கு வைத்திருக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் அகராதியில் பார்த்தால் ஈடு, இழப்பீடு, நட்டஈடு என்று வரும். நமக்கு இழப்பீடு என்பது விபத்தில் கால் போனவருக்கும் பட்டாசு ஆலை வெடித்துச் செத்தவரின் வீட்டுக்கும் கொடுப்பது. அவர் எதை இழந்தார்? கீழே இருப்பவரைத் தொழிலாளி என்றும் அங்கே அழைப்பதில்லை. கூட்டாளி என்ற பொருள் வரும் சொல்லால் அழைக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் இதற்குப் பதில் உறவுமுறை. முதலாளி அண்ணாச்சி, நாமெல்லாம் ஒரே குடும்பம். குடும்பம் என்று சொல்லிவிட்டால் கூடுதல் நேரக் கூலி கேட்பது மரியாதைக்குறைவு ஆகிவிடும். இது எந்தப் பெண்ணுக்கும் விளக்கத் தேவையில்லாத விஷயம். தமிழில் கூலி, சம்பளம், ஊதியம் மூன்றும் மூன்று சாதி. நாள் கணக்கில் வாங்கினால் கூலி, மாதம் வாங்கினால் சம்பளம், அரசாணையில் எழுதினால் ஊதியம். திருக்குறளில் 'ஊதியம்' என்பதற்கு ஆதாயம், பயன் என்றுதான் பொருள். உழைப்பவளுக்கு ஆதாயம் என்று எப்போது எங்கே நாம் ஊதியத்தைக் கீழே இறக்கினோம் என்று யாராவது ஆய்வு செய்தால் நான் நெறியாளராக இருக்கத் தயார்.

விகிதத்துக்கு வருகிறேன். சில்லறை வணிக நிறுவனங்கள் இதற்கு எப்போதும் ஒரு மறுப்பு வைத்திருக்கின்றன. எங்களிடம் பகுதிநேர ஆட்கள் அதிகம், அதனால் எண் அசிங்கமாகத் தெரிகிறது, வங்கியோடு எங்களை ஒப்பிடாதீர்கள். விதியும் பகுதிநேரக்காரரை முழுநேரக்காரராக மாற்றிக் கணக்குக் காட்ட விடுவதில்லை. நல்ல விதி. ஏனென்றால் வாரத்துக்கு இருபது மணி நேரமே வேலை கிடைத்தவள் அந்தச் சம்பளத்தில்தான் வாடகை கொடுக்கிறாள், மாற்றிக் காட்டிய சம்பளத்தில் அல்ல. யார் பகுதிநேரம்? பள்ளிக்கூடம் விடும் மணிக்கு வாசலில் நிற்க வேண்டியவள். மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டியவள் என்று நம் ஊரில் சொல்வோம். அங்கே வேறு பெயர், அதே வேலை. அவளுடைய சம்பளமில்லாத வேலையைக் காரணமாக்கிச் சம்பளமுள்ள வேலையையும் துண்டு போட்டுவிட்டு, பிறகு அந்தத் துண்டையே சாக்காகச் சொல்கிறார்கள். 2020இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் சில மாநிலங்களின் தரவை எடுத்துப் பார்த்தபோது, அரசின் உணவு உதவியையும் மருத்துவ உதவியையும் நம்பியிருக்கும் தொழிலாளர்கள் அதிகம் வேலை செய்யும் நிறுவனங்களில் வால்மார்ட் முன்வரிசையில் இருந்தது. நம் ரேஷன் கார்டைப்போல அந்த உணவு அட்டை. அதை எடுத்துக்கொண்டு அவள் பொருள் வாங்கப் போகும் கடையும் பல நேரம் அதே கடைதான்.

அந்த விகிதத்துக்குள் வராதவர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் வழியாக வந்து, அவர் நிர்ணயித்த கூலியை வாங்குபவர் கணக்கில் இல்லை. அலமாரியில் தொங்கும் உள்ளாடையைத் திருப்பூரிலோ டாக்காவிலோ தைத்தவள் கணக்கில் இல்லை, அவள் வேறு நிறுவனத்தின் ஆள். அவளையும் சேர்த்து நடுவில் நிற்பவரைத் தேடினால் 976 எங்கே போய் நிற்கும்? மேல்பக்கத்திலும் ஓர் ஆள் விடுபட்டிருக்கிறார். மெக்மில்லன் இளைஞராக வால்மார்ட் கிடங்கில் லாரியிலிருந்து சரக்கு இறக்கியவர். அவர் சம்பளக்காரர், மிகப் பெரிய சம்பளக்காரர். ஆலிஸ் வால்டன் சம்பளமே வாங்குவதில்லை. பங்குகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை வைத்திருக்கும் குடும்பத்தின் ஆள் அவர். அவருக்கும் நடுத் தொழிலாளிக்கும் உள்ள விகிதத்தை எந்தச் சட்டமும் கேட்பதில்லை. ஆண்டுதோறும் தலைமை நிர்வாகியின் சம்பள உயர்வைப் பார்த்துப் பத்திரிகைகள் கொதிக்கும்போது எனக்கு இதுதான் உறுத்துகிறது. கணக்குப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிறோம், மிராசுதார் திண்ணையில் இல்லவே இல்லை.

ஆனாலும் கணக்குப்பிள்ளையின் கூலியும் சும்மா ஏறவில்லை. அமெரிக்கப் பெரு நிறுவனங்களில் 1965இல் தலைமை நிர்வாகி சராசரித் தொழிலாளியைப்போல் சுமார் 20 மடங்கு வாங்கினார். 2023இல் சுமார் 290 மடங்கு. இது பொருளாதாரக் கொள்கை நிறுவனம் ஆண்டுதோறும் போடும் கணக்கு. இதற்கிடையே அங்கே நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலி 2009இலிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. மேலே பங்கு விலை ஏறினால் வருமானம் தானாக ஏறும்படி ஒப்பந்தம். கீழே கூலி ஏற வேண்டுமானால் சட்டம் வர வேண்டும், அல்லது சங்கம் வேண்டும். சங்கம் வந்துவிடக்கூடாது என்பதில் வால்மார்ட் ஆரம்பத்திலிருந்தே கண்ணாக இருக்கிறது.

இதைப் பெண்கள் கேட்காமல் இல்லை. பெட்டி டியூக்ஸ் 1994இல் கலிபோர்னியாவில் வால்மார்ட் கடையில் மணிக்கு 5 டாலருக்குச் சேர்ந்த கறுப்பினப் பெண். பதவி உயர்வு கேட்டுக் கேட்டு, கிடைக்காமல், 2001இல் வழக்குத் தொடுத்தார். பதினைந்து லட்சம் பெண்களின் சார்பாக நின்ற வழக்கு. கடைகளில் மணிக்கூலி வேலைகளில் 70 விழுக்காடு பெண்கள், மேலாளர்களில் 33 விழுக்காடு. பத்தாண்டு கழித்து 2011இல் உச்ச நீதிமன்றம் வழக்கைச் சேர்ந்து நடத்தக்கூடாது என்றது. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு மேலாளர் முடிவெடுத்தார், ஆகவே உங்கள் எல்லோருக்கும் பொதுவான கேள்வி இல்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம். நாலு பேருக்கு எதிராக ஐந்து பேர். பொதுவான கேள்வி இல்லை! தனித்தனியாக வீட்டுக்குள் அடிவாங்குகிறவர்களைப் பார்த்துச் சொல்வதுபோல் இருக்கிறது. பெட்டி டியூக்ஸ் 2017இல் இறந்தார்.

இப்போது நம் மாணவிகளுக்குச் சொல்லப்படும் பெண்ணியத்தைப் பார்ப்போம். மேலே போ, மேசையில் இடம் பிடி, தயங்காதே. ஷெரில் சாண்ட்பெர்க் 2013இல் எழுதிய 'லீன் இன்' புத்தகத்துக்குப் பிறகு நம் கல்லூரி மகளிர் மேம்பாட்டுப் பிரிவுகளிலும் இதே பாடம். சிறப்பு விருந்தினராக ஒரு நிறுவனத்தின் மனிதவள மேலாளர் வருவார், பொன்னாடை போர்த்துவோம். பெரிய கடைகளின் உச்சிக்குப் பெண்கள் போகவில்லையா? போயிருக்கிறார்கள். பெஸ்ட் பையின் தலைமைக்கு 2019இல் கோரி பாரி வந்தார். வால்மார்ட்டின் சாம்ஸ் கிளப்பை நடத்திய ரோசலிண்ட் புரூவர் பிறகு வால்கிரீன்ஸ் மருந்துக்கடைக் குழுமத்தின் தலைமைக்கு வந்தார். அமெரிக்கப் பெரு நிறுவனம் ஒன்றை நடத்திய மிகச் சில கறுப்பினப் பெண்களில் ஒருவர். அந்தப் பயணத்தின் கடினத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் விகிதத்தின் மேல்பக்கத்தில் பெண் பெயர் வந்தால் விகிதம் மாறுவதில்லை. கவிஞர்களாகிய நாங்களும் இதே தவறைச் செய்திருக்கிறோம். தொகுப்பில் இத்தனை பெண்கள், மேடையில் இத்தனை பெண்கள் என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறோம். அந்த மேடையைப் பெருக்கியவளின் சம்பளத்தை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இந்தியாவிலும் விகிதம் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 197ஆம் பிரிவு. பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனம் ஒவ்வோர் இயக்குநரின் வருமானத்தையும் நடு ஊழியரின் வருமானத்தோடு ஒப்பிட்டு ஆண்டறிக்கையில் போட வேண்டும். நம் ஊர் ஜவுளிக்கடல்களும் நகை மாளிகைகளும் பெரும்பாலும் குடும்பச் சொத்து, பட்டியலில் வராதவை. அங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை. அதனால் நம்மிடம் இருக்கும் சாட்சியம் எண் அல்ல, கதை. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தபோது ரங்கநாதன் தெருவின் மாடிகளில் நின்றுகொண்டிருந்தவர்களை முதல்முறையாகப் பார்த்தோம். அதுவரை அவர்கள் எடுத்துப் போட்ட புடவையைத்தான் பார்த்திருந்தோம். அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் கோபம் முழுவதையும் அது மேற்பார்வையாளன் மேல் கொட்டிவிடுகிறது. கனியின் கால்களை விபத்து எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்றே தேயும் கால் நாடகத்துக்குப் போதாதோ என்னவோ.

நிற்பதைப் பற்றிப் பேசியது கேரளப் பெண்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில், கடைகளில் கழிப்பறை இல்லாமல் தண்ணீர் குடிக்காமலேயே நாளைக் கழித்த விற்பனைப் பெண்களை விஜி என்ற தையல்காரர் திரட்டினார். கழிப்பறையில் தொடங்கி நாற்காலிக்கு வந்தார்கள். 2018இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்றது. உட்காருவதற்கு ஒரு சட்டம். அதை நான் வகுப்பில் பெருமையாகச் சொன்னேன்.

முதுகலை மாணவி ஒருத்தி, இரண்டு கோடை விடுமுறைகளில் பக்கத்து ஊர்த் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தவள், சிரித்தாள். "ஸ்டூல் இருக்கு மேடம். கவுன்டருக்கு அடியில இருக்கு. உக்காந்தா கேமராவுல தெரியும்." கேமரா யார் பார்ப்பது என்று கேட்டேன். தெரியாது என்றாள். "யாராவது பாப்பாங்க."

மஞ்சள் டி-ஷர்ட்டை அந்த வாரம் மாணவிகளுக்கு விளக்கிவிட்டு, ராக்வெல்லின் ரோஸியைத் திரையில் போட்டேன். ஏசாயா, ஹிட்லர், ஏலம், ஆலிஸ் வால்டன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குறிப்பெடுத்தார்கள். அந்தப் பெண் மட்டும் எழுதாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"இவங்களுக்கு லஞ்ச் எத்தனை நிமிஷம் மேடம்?"

எனக்குத் தெரியவில்லை. உனக்கு எத்தனை என்றேன்.

"இருபது. நாலு மாடி ஏறி எறங்குறதும் அதுலதான்."